தாயைப் பார்க்க வந்த மகள்: வேலூர் ஐடா ஸ்கடர்



எனக்குச் சொந்த ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, பழவேற்காடு ஏரியை ஒட்டிய பகுதி. நீங்கள் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போயிருந்தால் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். வியாபாரத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். வேறு ஒரு நோக்கத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேலூரில் விட்டுச் சென்றதைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். 'வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்' என்று நாம் எல்லோரும் யாருக்காவது சொல்லியிருப்போம். அந்த மருத்துவமனை தொடங்கிய கதையில், உடம்பு சரியில்லாத ஒரு தாயும் அவரைக் கவனிக்க வந்த மகளும் இருக்கிறார்கள்.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறிய மருத்துவ மிஷனரி. தந்தையும் அதே பணியில் இருந்த மருத்துவர். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணிக்கு வீட்டுக் குழந்தைகளும் விலை கொடுத்தார்கள். பெற்றோர் இந்தியா திரும்பியபோது சிறுமி ஐடா அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோரின் வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று அவர் நினைத்ததில் வியப்பு என்ன?

தாய் சோஃபியா நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி வந்ததும் 1890-ல் திண்டிவனம் வந்தார். தாயைக் கவனித்துவிட்டு அமெரிக்கா திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். அங்கே ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். 'நான் மருத்துவர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அன்று எடுத்த முடிவைக் கடவுளின் அழைப்பாகவே அவர் கடைசிவரை நம்பினார்.

அமெரிக்கா சென்று 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வரவை நான் விட்டுவிட முடியாது! ஐடா 1900-ல் வேலூர் வந்து சில மாதங்களிலேயே தந்தை காலமானார். அனுபவமுள்ள மூத்த மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், வீட்டிலேயே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் ஷெல் குடும்பப் பெயரில் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாலையோர மரத்தடிகளில் வைத்தியம் செய்தார்கள். அந்தப் பள்ளிதான் 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய சி.எம்.சி. அதுதான்.

இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணவரை இழந்த சோஃபியா, மகளோடு வேலூரிலேயே தங்கிவிட்டார். 1925-ல் இறக்கும்வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், மகளின் வீட்டையும் வேலையையும் தாங்கி நின்றார். தாயைப் பார்ப்பது ஒரு பக்கம், ஊருக்கு உழைப்பது மறுபக்கம் என்று ஐடா கணக்கைப் பிரித்து எழுதவில்லை. தாய் வீட்டில் இருந்தது மகளுக்குச் சுமையாகவும் இல்லை, பலமாகவே இருந்தது. ஐடா 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

நம் குடியிருப்பில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். ஐடாவின் விசுவாசம் நம்மில் பலருடையது அல்ல. ஆனால் அந்த இரவில் கதவைத் தட்டியவர்களும் மூன்று விதமானவர்கள்தானே? இங்கே பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். படுத்த படுக்கையான தாயையோ மாமியாரையோ கவனித்துக்கொண்டு, மாதக்கணக்கில் வாசல் தாண்டாத பெண்களும் இருக்கிறார்கள். 'இதிலேயே என் வாழ்க்கை போகிறது' என்று அவர்கள் நினைத்தால் நாம் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பதிலாக உட்கார நம்மால் முடியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போகவும், நோயாளியின் அருகில் சிறிது நேரம் இருக்கவும் முன்வருவோர் பட்டியல் ஒன்றை நம் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப்போகிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.