கழல மறுக்கும் ஸ்டியரிங் வீல்: ஒரு சின்ன வரலாறு

பழைய காரின் ஸ்டியரிங் வீலைக் கழற்ற முயன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நடுவில் இருக்கும் ஹார்ன் மூடியை எடுத்தாயிற்று. அடியில் இருந்த பெரிய நட்டையும் கழற்றியாயிற்று. இனி கையோடு வந்துவிடும் என்று இழுத்தால், வீல் அசையவே அசையாது. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தாலும் அதே கதைதான். உடனே "துருப்பிடித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு சுத்தியலைத் தேடுவார்கள்.

துரு பாதிக் காரணம். இன்னொரு பாதி, அந்த வீல் சுலபமாகக் கழலவே கூடாது என்று யோசித்துச் செய்யப்பட்டது என்பது. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது.

முதலில் கார்களுக்கு ஸ்டியரிங் வீலே கிடையாது. 1886ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியைத் திருப்ப ஒரு சிறு கைப்பிடிதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளிலும் படகின் சுக்கான் போல ஒரு நெம்புகோல்தான். குதிரை வண்டி வேகத்துக்கு இது போதும். வேகம் கூடியதும் சங்கடம் ஆரம்பித்தது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த உதை நேராகக் கைக்கு வரும், நெம்புகோல் பிடுங்கிக்கொண்டு போகும். பிரான்சின் பனார் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் லெவாஸோர் 1896ல் பாரிஸ் - மார்செய் பந்தயத்தில் ஒரு நாயைத் தவிர்க்கப் போய் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவர் ஓட்டியது நெம்புகோல் வண்டி.

வட்டமான வீல் அதற்கு முன்பே ஒருமுறை தலைகாட்டியிருந்தது. 1894ம் ஆண்டு ஜூலையில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தன்னுடைய பனார் காரில் வீல் பொருத்திக்கொண்டு வந்தார். 1898ல் ஆர்தர் கிரெப்ஸ் அதே நிறுவனத்தின் பந்தயக் காருக்குச் சாய்வான தண்டில் வீலை வைத்தார். 'சாய்வான தண்டு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வீல் வந்ததும் புதிய கேள்வி ஒன்றும் வந்தது. அதைத் தண்டின் மேல் எப்படிப் பிடித்து வைப்பது? வெறும் ஓட்டையில் தண்டை நுழைத்து ஆணி அடித்தால், இடமும் வலமுமாக ஆயிரம் முறை திருப்பியதும் ஆட்டம் கொடுத்துவிடும். ஓடும் காரில் வீல் மட்டும் கையோடு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு லேத் பட்டறைகளில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. 1864ல் அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ், ட்ரில் பிட்டுகளைப் பிடித்து வைக்க டேப்பர் என்ற சரிவு அமைப்பைக் கொண்டுவந்தார். தண்டு மேலே போகப்போக மெலியும், அதற்கு ஏற்றமாதிரி ஓட்டையும் மெலியும். சரிவு ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், உராய்வே பிடித்துக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொள்வதைப் பார்க்காத வீடு உண்டா? அதே விஷயம்தான். டம்ளரைத் தண்ணீர் ஊற்றிப் பிரிக்கிறோம், ட்ரில் பிட்டைப் பக்கவாட்டில் ஆப்பு அடித்துப் பிரிக்கிறார்கள்.

கார்க்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் வீல் உட்காருவது இப்படிச் சரிந்த தண்டின் மேல்தான். நடுவில் சுழலாமல் இருக்க ஒரு சின்ன 'கீ', மேலே இறுக்க ஒரு நட்டு. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. அதன் வீலைக் கழற்றுவதற்கென்றே புல்லர்களும் விற்பனைக்கு வந்தன. பிற்காலத்தில் பல கார்களில் 'கீ'க்குப் பதிலாக ஸ்ப்ளைன் என்ற நீளவாட்டுப் பற்கள் வந்தன. அப்போதும் நட்டை முறுக்க முறுக்க வீல் தண்டின் மேல் ஏறி நெருக்கிக்கொள்வது மாறவில்லை. ஆக, நட்டுக்கு அங்கே வேலை வீலை மேலே ஏற்றி உட்கார வைப்பது. உட்கார்ந்தபின் பிடித்திருப்பது உராய்வு. நட்டு போனபிறகும் வீல் வராததன் மர்மம் இவ்வளவுதான். இதன்மேல் முப்பது நாற்பது வருட ஈரமும் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது அந்தச் சாய்வான தண்டுக்கு வருவோம்.

பல பத்தாண்டுகளுக்கு அது ஒரே நீள இரும்புக் கம்பி. ஒரு முனை காரின் முன்பக்கம் ஸ்டியரிங் பெட்டியில், மறு முனை ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக. முன்னால் எதிலாவது மோதினால் கம்பி முழுசாகப் பின்னால் வரும், ஓட்டுநர் முன்னால் போவார். நடுவில் சந்திப்பு. எதற்கும் அசையாமல் வீலைப் பிடித்துக்கொள்ளும் அந்த உறுதியேதான் அதை ஈட்டியாக்கியது.

வீலின் நடுப்பகுதியும் சும்மா இல்லை. பாடகரும் நடிகருமான சாமி டேவிஸ் ஜூனியர் 1954 நவம்பரில் கலிஃபோர்னியாவில் விபத்தில் சிக்கினார். அவருடைய காடிலாக் காரின் வீல் நடுவே கூம்பு வடிவத்தில் அலங்காரமாக நீட்டிக்கொண்டிருந்த ஹார்ன் பட்டனில் முகம் மோதி, இடது கண் போயிற்று. அழகுக்காக வைத்த கூம்பு!

1956ல் ஃபோர்டு நிறுவனம் நடுப்பகுதி உள்வாங்கிய ஆழமான வீலைக் கொண்டுவந்தது. நெஞ்சு மோதுமுன் விளிம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும் என்ற யோசனை. 1959ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வகையில் இருந்தது, மோதலில் உள்ளே போய்விடும். (இந்த ஹெரால்டு நமக்கு அந்நியம் இல்லை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரான கார்தான்.) ஆனால் பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகம் வந்ததும்தான் சூடு பிடித்தது. செவர்லே கோர்வேர் காரில் ஸ்டியரிங் தண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னால் வரை நீண்டிருப்பதை அவர் குறிப்பாகச் சாடினார். லேசாக மோதினாலும் முதலில் அடி வாங்குவது அந்த முனைதானே.

1966 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1967 மாடல் கார்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் மடங்கும் தண்டைக் கொண்டுவந்தது. வெளிக்குழாய் வலை மாதிரி வெட்டப்பட்டிருக்கும், மோதலில் காகித விளக்கு போல நசுங்கும். உள்ளே இருக்கும் தண்டு இரண்டு துண்டாக, பிளாஸ்டிக் ஊசிகளால் கோர்க்கப்பட்டிருக்கும். பலமாக அடிபட்டால் ஊசி ஒடிந்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும். 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் கார்களுக்கு இது கட்டாயமானது. முன்மோதலில் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு இதனால் சுமார் 12 சதவீதம் குறைந்ததாக 1981ல் அமெரிக்க அரசின் ஆய்வு கணித்தது. ஏர்பேக் பரவலாக வருவதற்கு முந்தைய காலம் என்பதால் இது பெரிய எண்.

சுத்தியல் ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். இறுகிப்போன வீலை எடுக்கத் தண்டின் முனையில் ஓங்கி அடிப்பது பட்டறைகளில் பழைய பழக்கம். 1967க்கு முந்தைய முழுக்கம்பி கார்களில் அந்த அடி கீழே பெட்டியின் பேரிங்கைப் போய்த் தாக்கும், மரை நசுங்கும். அதோடு போயிற்று. மடங்கும் தண்டுள்ள கார்களிலோ அந்த அடி பிளாஸ்டிக் ஊசிகளை ஒடித்துவிடும். தண்டுக்கு அது ஒரு மோதல் மாதிரிதான்! வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. கார் வழக்கம்போல் ஓடும். நசுங்க வேண்டிய விதத்தில் அந்தத் தண்டு நசுங்குமா என்பது மட்டும் அடுத்த விபத்தில்தான் தெரியும். சுத்தியலால் அடிக்காதே என்று ஒர்க்‌ஷாப் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

சரியான கருவி புல்லர். பல கார்களின் வீலில் நட்டுக்கு இருபுறமும் மரை போட்ட இரண்டு துளைகள் இருப்பது இதற்காகத்தான். புல்லரின் இரண்டு போல்ட்டுகளையும் அவற்றில் மாட்டி, நடுத் திருகைத் தண்டின் முனையில் வைத்து ஸ்பேனரால் மெதுவாக முறுக்கினால், அடி எதுவும் இல்லாமல் வீல் மேலே இழுபடும். துரு எண்ணெயை முந்தின இரவே விட்டு வைப்பது நல்லது. சக்கரங்களை நேராக வைத்து, வீலுக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது வீல் கோணலாக நிற்காது. முக்கியமாக, நட்டை முழுசாக எடுத்துவிடாமல் சில மரை மட்டும் தளர்த்தி விட்டுவிட வேண்டும். டேப்பர் விடும்போது மெல்ல விடாது, 'டப்' என்று ஒரே விடாக விடும். நட்டு இருந்தால் வீல் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் முகத்துக்குத்தான் வரும்.

இதெல்லாம் ஏர்பேக் இல்லாத கார்களுக்கு. 1980களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார்களின் வீலுக்குள் ஏர்பேக் குடியேறியது. இந்தியாவில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை முதல்தான் கட்டாயம். அப்படிப்பட்ட வீலில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். முன்பு வெறும் ஹார்ன் மூடி இருந்த இடத்தில் இப்போது வெடிக்கும் பொருள் இருக்கிறது.