நூலகமும் நம் மேடையே: ப்ளூஸ், கானா, தலித் வரலாற்று மாதம்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் பொது நூலகங்களில் ப்ளூஸ் இசை நிகழ்ச்சிகள் கட்டணமின்றி நடத்தப்படுகின்றன. கருப்பின வரலாற்று மாதத்தையொட்டி நடைபெறும் இவற்றுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடித்து வரும் நமக்கு இம்மரபு எதைக் கற்பிக்கிறது? மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எனச் சபாக்களால் அறியப்பட்ட சென்னைப் பகுதிகளில் அது எவ்வாறு பொருந்தும்? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் பரிசீலிப்போம்.

ஒரு வாரம் மாதமான வரலாறு

வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வார’த்தைத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், அடிமைத்தளையிலிருந்து தப்பி விடுதலைப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகியோரின் பிறந்த நாள்களைக் கருப்பின மக்கள் கொண்டாடி வந்த வாரம் அது. 1976இல் அவ்வாரம் மாதமாக விரிந்தது.

அதே 1926இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்ட்டுரோ ஷொம்பர்க் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த கருப்பின வரலாற்று நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் நியூயார்க் பொது நூலகம் விலைக்கு வாங்கி, 135ஆவது தெருக் கிளையில் வைத்தது. கருப்பினத்தவருக்கு வரலாறே இல்லை என்று கூறப்பட்ட காலத்தில், அவ்வரலாறு ஒரு பொதுக் கட்டடத்தின் அலமாரிகளை நிரப்பியது. இன்று ஷொம்பர்க் ஆய்வு மையமாக வளர்ந்துள்ள அவ்விடத்தின் தரைக்கு அடியில்தான், ப்ளூஸ் இசையின் சந்தத்தைக் கவிதைக்குள் கொணர்ந்த லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் நூலகக் கதவுகள் எங்கும் தாமாகத் திறந்துவிடவில்லை. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரியைச் சேர்ந்த 9 கருப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டிருந்த பொது நூலகத்தினுள் நுழைந்து, அமர்ந்து, படித்தனர். அதற்காகவே கைது செய்யப்பட்டனர். இன்று தென் மாநில நூலகம் ஒன்றில் ப்ளூஸ் ஒலிக்கிறதெனில், அதன் பின்னே அந்தக் கைதும் இருக்கிறது.

நூலகம் சேகரித்த இசை

ப்ளூஸ் பருத்திக் காட்டிலும் சிறையிலும் ஆற்றங்கரைக் கூலிகளின் குடியிருப்புகளிலும் உருவான இசை. முதலடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறும் அமைப்பு அதில் மிகுதி. 1920இல் மேமி ஸ்மித்தின் இசைத்தட்டு பெருமளவில் விற்ற பிறகு, கருப்பினத்தவருக்கென்றே ‘இனத் தட்டுகள்’ என்னும் தனிச் சந்தையை நிறுவனங்கள் உருவாக்கின. இலாபம் பெரும்பாலும் பாடியவர்களைச் சென்றடையவில்லை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவ்விசையைச் சேகரித்த வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையாகும். 1941–42இல் மிசிசிப்பியின் கோஹோமா மாவட்டத்தில், ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் அந்நூலகமும் இணைந்து களப்பதிவு நடத்தின. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மடி வாட்டர்ஸ் அப்போது ஒரு தோட்டத் தொழிலாளி. அவரது குரல் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். அப்பணியில் கருப்பின இசையறிஞர் ஜான் வொர்க் முக்கியப் பங்காற்றினார். எனினும் புகழ் முழுவதும் வெள்ளையரான ஆலன் லோமாக்ஸையே சேர்ந்தது. வொர்க்கின் கையெழுத்துப் படிகள் நூலாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டோரின் இசை ஆவணக் காப்பகத்துள் இடம்பெற்றால் மட்டும் போதாது. அதைத் தொகுத்து விளக்கும் உரிமையும் அம்மக்களுக்கு வேண்டும் என்பதே இதன் பாடம்.

சென்னையில் அரங்கு யாருக்கு?

1928இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாதெமி தொடங்கி, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழிக் கச்சேரிகளை நடத்தும் சபாக்கள் வரை, தென்சென்னையின் இசை மேடைகள் நெடுங்காலமாக ஆதிக்கச் சாதியினரின் கட்டுப்பாட்டில் இருந்து வந்துள்ளன. அம்மேடைகளில் ஒலிக்கும் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் பிடித்துக் கொடுப்போரில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் முதன்மையானவை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டு விழாவுக்கு வழங்கிய அரங்க அனுமதியை, 2020 தொடக்கத்தில் கலாக்ஷேத்ரா அறக்கட்டளை திரும்பப் பெற்றது. விழா தரமணியிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. கருவியைச் செய்பவரின் உழைப்பு அரங்கினுள் வரலாம், அவரது வரலாறு வரக் கூடாது என்னும் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

இதற்கு எதிரான மேடைகளும் எழுந்துள்ளன. 2015 முதல் பெசன்ட் நகர் கடற்கரையோரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா நடைபெற்றது. கர்நாடக இசையும் பறையும் கானாவும் அங்கு ஒரே மேடையைப் பகிர்ந்தன. 2018 ஜனவரி 6 அன்று, நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியால் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, ராக், ராப் ஆகியவற்றைக் கலந்த அக்குழு, சாதியற்றோர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து தன் பெயரைப் பெற்றது. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது.

இம்மேடைகளுக்கு விலையும் கொடுக்க வேண்டியுள்ளது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற கானா பாடகி இசைவாணி, முன்பு பாடிய ஒரு பாடலுக்காக 2024 இறுதியில் மிரட்டல்களை எதிர்கொண்டார்.

கானாவும் ப்ளூஸும் ஒன்றல்ல. கானா வடசென்னையின் குடியிருப்புகளிலும் இறப்பு வீட்டின் இரவுகளிலும் வளர்ந்தது. அதன் மொழி, தாளம், நகைச்சுவை ஆகியவை தனித்தவை. ஆனால் துயரத்தைக் கூட்டாகச் சுமப்பதிலும், பாடியவரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் சந்தையும் சினிமாவும் எடுத்துக்கொண்டதிலும் இரண்டின் வரலாறும் ஒத்துப்போகின்றன.

ஏன் பொது நூலகம்?

தனியார் சபாவுக்கு உறுப்பினர் உண்டு, புரவலர் உண்டு. பொது நூலகத்துக்கு உரிமையாளர் மக்களே. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி, சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் வாழ்பவரும் வாடகையின் வழியே அதைச் செலுத்துகிறார். ஆகவே நூலக அரங்கைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கமும் திறந்தவெளி அரங்கும் உள்ளன. 2011இல் அந்நூலகத்தை இடமாற்ற அரசு முடிவெடுத்தபோது, வாசகர்களின் எதிர்ப்பும் உயர் நீதிமன்றத் தடையும்தான் அதைக் காத்தன. மக்கள் காத்த இடத்தில் மக்களின் இசை ஒலிப்பதே முறை.

இப்பகுதிக்கென ஒரு தலித் அறிவு மரபும் உண்டு. அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது இராயப்பேட்டையில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் பணியாற்றிய ஹென்றி ஆல்காட், 1886இல் அடையாறு நூலகத்தையும் 1894இல் பஞ்சமர் இலவசப் பள்ளியையும் அடையாற்றில் நிறுவினார். 1898இல் அவர் துணையுடன் இலங்கை சென்ற பண்டிதர் பௌத்தம் தழுவினார். பள்ளியும் நூலகமும் சமத்துவமும் இங்கே ஒரே வரலாற்றின் பகுதிகள்.

ஆனால் அவ்வரலாற்றுக்கு உரிய மக்களில் பலர் இன்று இங்கில்லை. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்விளிம்புக்கு ஆற்றோர, கால்வாயோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டன. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிர் துறந்தார். பாடுவோரை நகரத்திலிருந்து அகற்றிவிட்டு, அவர்கள் பாட்டை மட்டும் அரங்குக்கு அழைப்பது கொண்டாட்டமாகாது.

செய்ய வேண்டியவை

ஜோதிராவ் பூலே, பாபாசாகேப் அம்பேத்கர் ஆகியோர் பிறந்த ஏப்ரல், 2015 முதல் தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சென்னையில் நீலம் நடத்தும் வானம் கலைத் திருவிழா 2022 முதல் அதற்கு வடிவம் தந்து வருகிறது. அடுத்த படி, பொது நூலகங்களுக்குள் செல்வது.

கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டங்கள் இயங்குகின்றன. கல்லூரி மாணவர்கள் அவற்றில் உறுப்பினராகி, ஏப்ரலில் ஒரு மாலையேனும் கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் ஒதுக்குமாறு எழுத்து மூலம் கோரலாம். கேட்பவருக்கு இலவசம் என்பது பாடுபவருக்கு ஊதியமில்லை என்றாகிவிடக் கூடாது. கலைஞருக்கான தொகையை நூலக ஆணைக்குழுவே வழங்க வேண்டும். பாடியவரின் பெயர், ஊர், ஒப்புதல் ஆகியவற்றுடன் ஒலிப்பதிவு செய்து நூலகத்திலேயே வைக்க வேண்டும். அப்பதிவைத் தொகுப்போர் அம்மக்களிடையிலிருந்தே வர வேண்டும். மயிலாப்பூரில் நடக்கும் நிகழ்ச்சி கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நடக்க வேண்டும்.

ஜாக்சன் நகர மாணவர்கள் கேட்டது படிக்க ஒரு புத்தகமும் அமர ஒரு நாற்காலியும் மட்டுமே. நாம் கேட்பது ஒரு மாலைப் பொழுதும், நம் வரியில் எழுந்த ஓர் அரங்கும். வரும் ஏப்ரலுக்கான விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்குவோம்.