மோட்டார் சைக்கிளின் தந்தை யார்?



ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனால் எனக்குக் கோபம் வருவது வழக்கம். அதன் பிறப்புக் கதையை வாசித்த பின்னர் அக்கோபம் சற்றுத் தணிந்திருக்கிறது.

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரையடுத்த கன்ஸ்டட்டில் 1882இல் கொட்லீப் டைம்லர் என்ற பொறியியலாளர் ஒரு வீடு வாங்கினார். தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டிலே அவருக்கும் கூட்டாளி வில்ஹெல்ம் மைபாக்கிற்கும் பட்டறையாயிற்று. ஓயாத தட்டல் ஓசை, திறவாத கதவு. கள்ள நாணயம் அடிக்கிறார்களென்று ஐயுற்ற தோட்டக்காரர் பொலிசுக்குச் சொல்லிவிட்டாராம். வந்து பார்த்தால் உள்ளே இருந்தவை இயந்திரங்களே!

1885இல் அக்கொட்டிலிலிருந்து ஒரு வண்டி வெளிவந்தது. மரச்சட்டம், இரும்புப் பட்டை போட்ட மரச்சில்லுகள், சரியாதிருக்க இருபுறமும் இரு குட்டிச் சில்லுகள். ஆசனத்தின் கீழே 264 கன சென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரம். அதன் வலு அரைப் பரிவலு. வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீற்றர். சிவக்கக் காய்ச்சிய குழாயொன்றே எரிபொருளைப் பற்றவைத்தது. நவம்பர் மாதம் டைம்லரின் மகன் அதிலேறி அயலூர் வரை ஓட்டினான். சூட்டினால் ஆசனமே தீப்பற்றிக்கொண்டது என்பர். பாவம் பையன்!

ஆனால் டைம்லருக்கு இருசில்லு வண்டியில் நாட்டமில்லை. இயந்திரத்தைச் சோதிக்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது, அவ்வளவே. 1886இல் நாற்சில்லு வண்டிக்குப் போய்விட்டார். இருந்தும் மோட்டார் சைக்கிளின் தந்தையென்று பலரும் அவரையே சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் சில்வெஸ்டர் றோப்பர் என்றொருவர் இருந்தார். 1869 அளவிலேயே நிலக்கரியில் இயங்கும் நீராவி இயந்திரத்தை இருசில்லு வண்டியில் பூட்டி ஓட்டியவர். பிரான்சிலும் அக்காலத்தில் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. நீராவி வண்டி மோட்டார் சைக்கிளாகுமா என்று கேட்பாருளர். இயந்திர வலுவால் ஓடும் இருசில்லு வண்டி ஏன் ஆகாது?

1894இல் முனிச் நகரில் ஹில்டெபிரண்ட், வொல்ஃப்முல்லர் என்போர் பெற்றோல் மோட்டார் சைக்கிளைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கிவிட்டனர். கிழவர் றோப்பரோ தம் நீராவியை விடவில்லை. 1896 ஜூன் முதலாந் திகதி கேம்பிரிட்ஜ் பந்தயத் திடலில், 72ஆவது வயதில், சைக்கிள் வீரர்களை முந்திக்கொண்டு மணிக்குச் சுமார் 40 மைல் வேகத்தில் பறந்தார். திடீரென வண்டி தள்ளாடியது, விழுந்தார். பரிசோதித்தபோது இதயம் நின்றிருந்தது தெரியவந்தது.

டைம்லரின் மூல வண்டி 1903இல் தொழிற்சாலைத் தீயில் எரிந்துபோயிற்று. நூதனசாலைகளில் நாம் காண்பவை அதன் பிரதிகளே. றோப்பரின் பழைய வண்டியோ வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் அப்படியே நிற்கிறது.