பூந்தமல்லியைத் தாண்டிப் போன கார்

ஜூலை 4, 2025 அன்னைக்கு சோனி லிவ்ல ஒரு தொடர் வந்துச்சு, 'தி ஹன்ட்'. ராஜீவ் காந்தி படுகொலை வழக்கு. நாகேஷ் குக்குனூர் இயக்கம், மொத்தம் ஏழு எபிசோட். பத்திரிகையாளர் அனிருத்ய மித்ரா எழுதின 'நைன்டி டேஸ்' புத்தகத்தை வெச்சு எடுத்தது. அதோட முதல் எபிசோடைப் பார்த்துட்டு எங்க வீட்டிலயும் ஆபீஸ்லயும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அதைப் பத்திதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். க்ரைம் கதையில ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் மறைச்சு வைக்கிறது. இன்னொண்ணு, 1971ல தொடரா ஓட ஆரம்பிச்ச அமெரிக்காவோட 'கொலம்போ' மாதிரி, கொலையாளியை ஆரம்பத்திலேயே காட்டிட்டு, எப்படி மாட்டறான்னு பார்க்க வைக்கிறது. 'தி ஹன்ட்' இரண்டாவது ஜாதி. யார் செத்தாங்க, யார் செஞ்சாங்க, எல்லாமே பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துக்குள்ள வந்தாச்சு. அப்போ முதல் எபிசோடுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு?

புனேல இருக்கிற என் டீம்மேட்டுக்கு நிறைய மிச்சம் இருந்துச்சு. திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் கால்ல, "அந்த ஒத்தைக் கண் ஆளு மாட்டுவானா மாட்டமாட்டானா, சொல்லிடாதே"ன்னு கேட்டான். சிவராசன்னா யாருன்னே அவனுக்குத் தெரியாது. அவன் 1998ல பிறந்தவன். அவனுக்கு இது சுத்தமான த்ரில்லர்.

எங்க வீடு இருக்கிறது குமணன்சாவடி பக்கம். முதல் காட்சிகளை அம்மா வேற மாதிரி பார்த்தாங்க. மேடையைப் பார்க்கல, மாலையைப் பார்க்கல. "பூந்தமல்லியில நின்னாரே, அதைக் காட்டலையா?"ன்னாங்க. பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "ரோடு இவ்ளோ அகலமா அப்போ ஏது?"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. சரி, இவங்ககூட க்ரைம் டிராமா பார்க்க முடியாதுன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு.

ஆனா அம்மா கேட்டது சரியான கேள்வி. 1991 மே 21. விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ் காந்தி, அங்கிருந்து காரில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் போனார். வழியில் போரூரிலும் பூந்தமல்லியிலும் நின்று பிரச்சாரம் செய்தார். காரிலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக இரண்டு பெண் நிருபர்களுக்குப் பேட்டியும் கொடுத்துக்கொண்டு போனார். அவர்களில் ஒருவரான நீனா கோபால் அந்த இரவைப் பற்றிப் பின்னாடி ஒரு புத்தகமே எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் போய் இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டு, மேடைக்கு நடக்கும்போது, பத்து மணியைத் தாண்டி, அந்தக் குண்டு வெடித்தது. அவரோடு போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று இன்னும் பலர் இறந்தார்கள்.

இன்னைக்கு நம்மில் பாதிப் பேர் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கோ ஷட்டில் வண்டியில் தூங்கிக்கிட்டே போற அதே பெங்களூர் ரோடுதான் அது. அவர் பூந்தமல்லியில் நின்ன நேரத்தில் அங்கே கூட்டத்தில் நின்னு பார்த்துட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தவங்க எத்தனையோ பேர். மறுநாள் காலையில செய்தி. அவங்களுக்கு இந்த முதல் எபிசோட் ஒரு வழக்கோட தொடக்கம் கிடையாது. தான் பார்த்த ஒரு ஆளோட கடைசி ஒன்றரை மணி நேரம்.

இந்தச் சம்பவத்தைத் திரையில் காட்டுவது நம்ம ஊரில் லேசான காரியமா இருந்ததில்லை. ஆர்.கே. செல்வமணி இதை மையமா வெச்சு எடுத்த 'குற்றப்பத்திரிகை' தணிக்கையில் மாட்டி, வருஷக்கணக்கில் கிடந்து, 2007லதான் தியேட்டரைப் பார்த்துச்சு. 2013ல 'மெட்ராஸ் கஃபே' வந்தது. அதில் பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எடுத்திருந்தாங்க, இருந்தும் எதிர்ப்பு காரணமா தமிழ்நாட்டு தியேட்டர்களில் ஓடவில்லை. 2021ல 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் சீசன் நேரடியா இந்தச் சம்பவம் பற்றியதுகூட இல்லை. ஈழப் போராளிகளைக் காட்டிய விதத்துக்காக, ட்ரெய்லர் வந்த ஒரு வாரத்துக்குள்ளயே தமிழக அமைச்சர் ஒருவர் தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முதல் எபிசோடை யாரும் பார்க்கும் முன்பே அதற்கான எதிர்வினை வந்து முடிஞ்சிருச்சு! 'தி ஹன்ட்' உண்மையான பெயர்களோடு வந்திருக்கு. சம்பவம் நடந்து 34 வருஷம் கழிச்சு.

இப்போ நிஜமான "முதல் எபிசோடுக்கு" வருவோம். அதாவது குண்டு வெடிச்ச அந்த முதல் சில நாட்கள். அப்போ யார் செஞ்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. தெரியாதப்போ ஜனங்க யாரைச் சந்தேகப்பட்டாங்க?

முதல் அடி திமுகவுக்கு விழுந்தது. அந்த வருஷம் ஜனவரி 30ஆம் தேதிதான் கருணாநிதி ஆட்சியைக் கலைச்சிருந்தாங்க, விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்தாங்கன்னு குற்றச்சாட்டு. அதனால குண்டு வெடிச்ச ராத்திரியே திமுகக்காரங்க வீடுகள், கடைகள், கொடிக்கம்பங்கள் மேல கை வெச்சாங்க. அடுத்த மாசம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் திமுக ஜெயிச்சது 2 இடம். விசாரணை அறிக்கை, குற்றப்பத்திரிகை எதுவும் வருவதற்கு முன்னாடியே ஜனங்க ஒரு தீர்ப்பு எழுதிட்டாங்க.

இரண்டாவது அடி, இலங்கைத் தமிழ் பேசினவங்களுக்கு. பெரியப்பா சொன்ன ஒரு விஷயம். அம்பத்தூர் எஸ்டேட்ல அவர்கூட வேலை பார்த்த ஒருத்தர், யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள். "கதைக்கிறது"ன்னு சொல்ற வழக்கத்தையே அந்த மாசத்தோட நிறுத்திட்டாராம். பேசவே மாட்டாராம், தலையாட்டுவாராம். வீட்டுக்காரங்க வாடகைக்கு விடவும் யோசிச்சாங்க. முகாமுக்கு வெளியே இருந்த அகதிகள் போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும்னு ஆச்சு. 1992 மே மாசம் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. கொலையைச் செஞ்சது புலிகள்தான்னு விசாரணையில வந்தது உண்மை. ஆனா எஸ்டேட்ல லேத் ஓட்டிக்கிட்டு இருந்த அந்த மனுஷன் அதுக்கு என்ன பண்ணுவாரு? நம்ம ஆபீஸ்ல ப்ரொடக்ஷன் விழுந்தா, லாக் பார்க்கிறதுக்கு முன்னாடியே கடைசியா டெப்ளாய் பண்ணவனைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க இல்லையா, அந்த மாதிரி. இங்க விஷயம் வேலையோட போகல, அவ்ளோதான் வித்தியாசம்.

தேடுதல் கதை உங்களுக்கு தொடரிலேயே கிடைக்கும், அதனால வேகமா சொல்லிடறேன். சிபிஐயின் சிறப்புப் புலனாய்வுக் குழு, டி.ஆர். கார்த்திகேயன் தலைமை. சென்னை க்ரீன்வேஸ் ரோட்டில் இருந்த 'மல்லிகை' கட்டடம் அலுவலகம். சம்பவ இடத்தில் இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமில்லாமல் கிடைத்தது. அதில் இருந்த பத்துப் படங்கள்தான் மொத்த வழக்கையும் திறந்தது. அந்த ஃபிலிம் எரிஞ்சு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆகஸ்ட் 20ஆம் தேதி பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசனும் கூட இருந்தவங்களும் பிணமாகக் கிடைத்தார்கள். குண்டு வெடிச்சதிலிருந்து எண்ணினா சரியா 91ஆவது நாள். புத்தகத்தின் பெயர் அங்கிருந்துதான். தொடரின் ஏழு எபிசோடும் அந்தத் தேடுதல்தான்.

ஆனா எங்க ஏரியாவுக்குக் கதை அங்கதான் ஆரம்பிச்சது. விசாரணை நடந்தது பூந்தமல்லியில். தடா சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தனி நீதிமன்றம், ஒட்டியே பாதுகாப்பான சிறை. குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் 41 பேர். அவர்களில் 12 பேர் ஏற்கெனவே செத்துட்டாங்க. பிரபாகரன், பொட்டு அம்மான் உள்பட 3 பேர் தலைமறைவு. மிச்சம் 26 பேர் பூந்தமல்லிக் கூண்டில் நின்றார்கள். 288 அரசுத் தரப்பு சாட்சிகள். எல்லாமே மூடிய கதவுக்குள். பத்திரிகைக்காரங்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பிராட்வேயிலிருந்து வர்ற 54 பஸ்ஸில் போறவங்களுக்குத் தெரிஞ்சது மதில் சுவரும் மணல் மூட்டையும்தான்.

1998 ஜனவரி 28. நீதிபதி நவநீதம் தீர்ப்பு சொன்னார். 26 பேருக்கும் தூக்கு. 26 பேருக்குமே! தங்க இடம் கொடுத்தவர், பொருள் கடத்திக் கொடுத்தவர், தகவல் தெரிஞ்சவர், எல்லாருக்கும் ஒரே தண்டனை.

தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது, நேரா உச்ச நீதிமன்றம்தான். 1999 மே 11ல அங்கே தீர்ப்பு வந்தது. நாலு பேருக்குத் தூக்கு உறுதி. மூணு பேருக்கு ஆயுள் தண்டனையா குறைப்பு. மீதி 19 பேர் விடுதலை. அதைவிட முக்கியம், இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் என்ற குற்றச்சாட்டே நிற்காது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனா தடா இருந்ததால் மட்டுமே சாட்சியமாக ஏற்கக்கூடிய வாக்குமூலங்கள், அதாவது போலீஸ் எஸ்.பி. முன்னால் கொடுத்தவை, செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. நான் வக்கீல் கிடையாது. ஆனா இந்த இடத்தை மூணு தடவை படிச்சும் எனக்கு ஜீரணமாகல.

அந்த வாக்குமூலங்களில் ஒன்று பேரறிவாளனுடையது. கைதானப்போ அவருக்கு வயசு 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் அவர் மீதான குற்றச்சாட்டின் முக்கியமான பகுதி. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, 2013ல வெளிப்படையா ஒன்று சொன்னார். எதுக்காக அந்த பேட்டரின்னு தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. ஒரு வரி. அந்த வரி இல்லாமலே அவர் மீது தூக்குக் கயிறு தொங்கியது, 2014ல உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைக்கும் வரை.

இதைச் சொன்னதும் பெரியப்பா என்னோட சண்டைக்கு வந்தாரு. "அன்னைக்கு செத்த போலீஸ்காரங்க வீட்டுல போய் இதைச் சொல்லுவியா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவைக்க முடியாது. அன்றைக்குப் பாதுகாப்பு வேலையில் இருந்து படுகாயம் அடைந்த ஒரு பெண் காவல் அதிகாரி இந்த விடுதலைகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒரு ராத்திரி முடியவே இல்லை. அதே சமயம், 1998ல தூக்குன்னு கேட்டு, 1999ல வெளியே வந்த அந்த 19 பேருக்கும் நடுவில் போன எட்டு வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை. இரண்டையும் ஒரே மேஜையில வெச்சுப் பேச முடியும்னுதான் நான் நினைக்கிறேன். பெரியப்பா நினைக்கல. டின்னர் அதோட முடிஞ்சது.

என் குறை தொடர் மேல கிடையாது. தேடுதல்னு பேர் வெச்சாங்க, தேடுதலை எடுத்தாங்க, நல்லாவே எடுத்தாங்க. கத்தல் இல்லாம, சாமியாடற பின்னணி இசை இல்லாம. ஆனா புனே டீம்மேட் ஏழு எபிசோடையும் ஒரே சனி ஞாயிறுல முடிச்சுட்டு, "செம, கேஸ் க்ளோஸ்"ன்னு மெசேஜ் போட்டான். கேஸ் அப்போ க்ளோஸ் ஆகல. குற்றப்பத்திரிகை வந்ததே அதுக்கு ஒன்பது மாசம் கழிச்சுத்தான். பூந்தமல்லி தீர்ப்புக்கு இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல பாக்கி இருந்துச்சு. அவனுக்கு இந்தத் தேதிகளை எல்லாம் வரிசையா அனுப்பினேன். "இதை ஏன் சீசன் 2 ஆ எடுக்கல?"ன்னு கேட்டான். கோர்ட்டு, மனு, ஒத்திவைப்பு, மறுபடி மனு. முதல் எபிசோடுக்கு வெடிக்கிற மாதிரி எதுவும் அதில் கிடையாது.

2022 மே 18ல பேரறிவாளன் விடுதலை. அதே வருஷம் நவம்பர் 11ல மீதி ஆறு பேரும். அவர்களில் இலங்கையைச் சேர்ந்த நாலு பேரை வீட்டுக்கு அனுப்பவில்லை, திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனாங்க. அதில் ஒருத்தர் சாந்தன். ஊருக்குப் போய் வயசான அம்மாவைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார். அனுப்பலாம்னு உத்தரவு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னையில் இறந்துபோனார். இறந்தது சென்ட்ரல் எதிரில் இருக்கிற அரசுப் பொது மருத்துவமனையில். அதோட முழுப் பெயர் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.