கடல் கடந்து வந்த குடும்பங்கள்



விழா மலர் என்றால் அதில் பங்கின் வரலாறு இடம்பெற வேண்டும் என்பது மரபு. நமது கோவில் எழுந்த வரலாறும், இங்கே பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறையாக வந்துள்ளன. நமக்கென ஒதுக்கப்பட்ட இந்தச் சில பக்கங்களிலோ, நம் பங்கைச் சேராத சிலரைப் பற்றி எழுத விரும்புகிறோம். அவர்கள் நமது அண்டை வீட்டார். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அண்டையில் இருந்தும் நாம் அதிகம் அறிந்துகொள்ளாதவர்கள்.

சிறு வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவோம். அமெரிக்கன் மிஷன் கோவில் வரும் இடத்தில் பாட்டி தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார். ஏன் என்று கேட்டால், "அது பதிதர் கோவிலப்பா" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அந்தச் சொல் பாட்டி உண்டாக்கியதன்று. தரங்கம்பாடி லுத்தரன் போதகர்களை மறுத்து நமது வீரமாமுனிவர் பேதகமறுத்தல் எழுதிய காலந்தொட்டு இரு சபைகளுக்கும் இடையே ஓடிவந்த கசப்பின் மிச்சம் அது. 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஏடு வெளியிட்டு, பிரிந்த சகோதரர் என்று அவர்களை அழைக்கக் கற்றுக்கொடுத்தது. ஏடு ரோமையிலிருந்து வந்துவிட்டது. பாட்டி வரைக்கும் வந்து சேரவில்லை.

யார் அந்தச் சகோதரர்கள்? 1834-ஆம் ஆண்டு ஜூலை மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து இரண்டு அமெரிக்கப் போதகர்கள் மதுரைக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் டாட் ஐயர். மற்றவர் ஹொய்சிங்டன் ஐயர். அவர்களுக்குத் துணையாக யாழ்ப்பாணத்துத் தமிழ் இளைஞர்களும் வந்தனர். அனுப்பியது பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு என்னும் சங்கம். மதுரையிலிருந்து திண்டுக்கல், திருமங்கலம், சிவகங்கை, பெரியகுளம் என்று நிலையங்கள் பெருகின. நமது வறண்ட பூமிக்குள், திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில், 1850-களின் தொடக்கத்தில் ஒரு நிலையம் அமைந்தது. பின்னாளில் அருப்புக்கோட்டையும் அவ்வாறே நிலையமாயிற்று.

இவர்களுக்கும் நம் குருக்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தத்துவ போதக சுவாமி 1606-இல் மதுரைக்கு வந்தபோதும், அருளானந்தர் மறவர் சீமைக்கு வந்து 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்தபோதும், அவர்கள் தனியராகவே வந்தார்கள். துறவிக்கு வீடேது, வாசலேது? இந்த அமெரிக்கரோ மனைவியோடு வந்தார்கள். வந்த இடத்தில் பிள்ளை பெற்றார்கள். தொட்டில் கட்டினார்கள்; கல்லறையும் கட்டினார்கள். ஊருக்கு ஒரு போதகர் மட்டும் வரவில்லை, ஒரு குடும்பம் வந்தது.

அந்தக் குடும்பத்தின் அன்றாட வாழ்வைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை, ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு பாய்மரக் கப்பலில் நான்கைந்து மாதம் வர வேண்டும். தாய் இறந்தாள் என்ற கடிதம் வரும்போது, தாயின் கல்லறையில் புல் முளைத்திருக்கும். கரையிறங்கிய பின் மாட்டு வண்டி. வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் பயணம். வந்து சேரும் இடமோ நமது கரிசல். மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விடாத மண்; பெய்யாவிட்டால் ஆள் கால் புதையும் அளவுக்கு வெடிப்பு விடும் மண். கம்பும் சோளமும் வரகும் பருத்தியும் விளையும் காடு. குடிநீருக்கு நம் தாய்மார் பட்ட பாட்டை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே உவர்நீரைத்தான் அந்தத் துரைசானி அம்மாளும் காய்ச்சி வடிகட்டித் தம் பிள்ளைக்குக் கொடுத்தார்.

காலையில் வீட்டு வேலைக்காரரையும் விடுதிப் பிள்ளைகளையும் கூட்டித் தமிழில் ஜெபம். பிறகு ஐயர் கிராமங்களுக்குப் புறப்படுவார். கூடாரம் அடித்துக்கொண்டு பல நாள் தங்குவதும் உண்டு. வீட்டில் இருப்பவர் அம்மாள். பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் கற்றுக்கொடுப்பதும், திண்ணையில் வந்து நிற்கும் நோயாளிக்கு மருந்துப் பெட்டியைத் திறப்பதும், நடுவே தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. இத்தனையும் செய்த அந்தப் பெண்களை, சங்கத்தின் பழைய பதிவேடுகள் "உதவிப் போதகர்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டன.

மண்டபசாலையில் டெய்லர் ஐயரும் அவர் மனைவியும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்தனர். அவர் 1871-இல் காலமானார். சில ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவரல்லர் அவர்.

இதற்கெல்லாம் அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. டாட் ஐயரின் மனைவி, வந்து ஓராண்டு சற்றுக் கடக்கையில், 1835-இல் தேவிபட்டினத்தில் இறந்தார். வாந்திபேதியும் காய்ச்சலும் அடுத்த பத்தாண்டுகளில் பல வீடுகளை வெறுமையாக்கின. அதனால்தான் 1845-இல் பழனி மலைத்தொடரின் மேலே ஏறி இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் கோடை விடுமுறைக்குப் பேருந்தில் செல்லும் கொடைக்கானல் பிறந்தது அப்படித்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், எஞ்சிய பிள்ளைகளைக் காப்பதற்காக ஏறிய மலை அது.

சாவினும் கொடிது ஒன்று இருந்தது. பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். சிலர் பார்க்காமலே போயினர். 1901-இல் கொடைக்கானலில் போதகர்களின் பிள்ளைகளுக்கென்று பள்ளி ஏற்பட்ட பிறகே அந்த வேதனை சற்றுத் தணிந்தது.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தனர் என்பது வியப்பு. 1849-இல் மதுரையில் பிறந்த ஜான் ஸ்கட்டர் சாண்ட்லர், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1873-இல் போதகராக மதுரைக்கே வந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதிப் பணி தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியர் அவரே. 1732-இல் சதுரகராதி தந்த நம் வீரமாமுனிவர் விண்ணிலிருந்து பார்த்திருந்தால், பேதகத்தை மறந்துவிட்டுப் பேரகராதியை வாழ்த்தியிருப்பார்!

அதே பாஸ்டன் சங்கம் மதுரைக்கு ஆள் அனுப்பிய மறு ஆண்டிலேயே வேறொரு கீழை நாட்டிலும் ஒரு குடும்பத்தைக் கரையிறக்கியது. அந்நாடு சயாம், இன்று தாய்லாந்து என்கிறோம். சயாம் என்றால் நம் முதியோருக்கு நினைவில் எழுவது மரண ரயில்தான். மலேயா தோட்டங்களில் உழைத்த எத்தனையோ தமிழர் 1942-43-இல் அங்கே தண்டவாளம் போட்டு மடிந்தனர். அதற்கு நூறாண்டு முன்பே, 1835-இல், பிராட்லி என்ற மருத்துவர் தம் மனைவி எமிலியோடு பாங்காக் வந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், அம்மைப்பால் குத்தினார், தாய் மொழியில் அச்சடித்தார், 1844-இல் அந்நாட்டின் முதல் செய்தித்தாளை வெளியிட்டார். எமிலி 1845-இல் பாங்காக்கில் இறந்தார். பிராட்லி பிள்ளைகளோடு அமெரிக்கா சென்று, மறுமணம் செய்துகொண்டு மறுபடியும் வந்தார். 1873-இல் அங்கேயே உயிர் நீத்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் திருமுழுக்குக் கொடுத்த தாய் மக்கள் மிகச் சிலரே. ஆனால் அவர் மகள் சோபியா, கணவர் மெக்கில்வரியோடு 1867-இல் வடக்கே சியங்மாய்க்குச் சென்று குடியேறினார். தாயைப் புதைத்த மண்ணை மகள் வெறுக்கவில்லை. மதுரைச் சாண்ட்லரையும் சயாம் சோபியாவையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று புலப்படுகிறது. ஒரு வீட்டில் பெற்றோர் எதை உண்மையாகவே நேசித்தார்கள் என்பதற்கு, வளர்ந்த பிள்ளைகளே சாட்சி.

நம் சீமைக்குத் திரும்புவோம். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது, கண்மாய்கள் வறண்டன. அந்த ஆண்டு அக்டோபரில் மானாமதுரை நிலையத்துக் கேப்ரன் ஐயர் இறந்தார். விதவையான அம்மாள் கப்பலேறியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் மதுரையில் தங்கினார். இன்னும் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம், வீடு வீடாகப் பெண்களைச் சந்தித்தும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தும் பணியாற்றினார்.

அவர்களுடைய பள்ளிகள் எல்லாருக்கும் திறந்திருந்தன. பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879 டிசம்பரில், திருச்சுழியில் ஓர் அந்தணர் வீட்டில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், தந்தையை இழந்து மதுரைக்குப் போய், அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில்தான் படித்தான். 1896-இல் திருவண்ணாமலைக்குச் சென்ற அவரையே உலகம் ரமண மகரிஷி என்று போற்றுகிறது.

குறையே இல்லாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பங்களாவுக்கும் குடிசைக்கும் நடுவே சுற்றுச்சுவர் இருந்தது. ஐயாவும் அம்மாவும் துரையும் துரைசானியுமாகவே பலருக்குத் தோன்றினார்கள். மக்களுக்கு வாந்திபேதி வந்தபோது ஏறிச்செல்ல ஒரு மலை இருக்கவில்லை. இதையும் வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு செயலை நினைக்கும்போது நமக்குத் தலை குனிகிறது. 1847-ஆம் ஆண்டு அந்த மிஷனார், தங்களோடு பணியாற்றிய உபதேசியார் முதலிய அனைவரும் சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தார்கள். உண்ண மறுத்துப் பலர் விலகிப்போயினர். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த ஊழியர்களை இழப்போம் என்று தெரிந்தும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நம் பக்கத்தில் என்ன நடந்தது? மேல் சாதியாருக்கு ஒரு சன்னியாசி, மற்றவருக்கு ஒரு பண்டார சுவாமி என்று பிரித்தே மறை பரப்பினோம். அன்றைய சூழ்நிலை அது என்று குருமடத்தில் நாமும் படித்தோம்; தேர்விலும் எழுதினோம். சூழ்நிலை மாறிய பிறகும் கோவிலுக்குள் வலப்பக்கம், இடப்பக்கம் என்றும், கல்லறைக்குள் நடுச்சுவர் என்றும் தமிழகத்தில் எத்தனை ஊர்களில் கண்டோம்! விதி செய்தவர்களின் சபையிலும் சாதி அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் கேள்வியைப் பந்தியில் வைத்துக் கேட்டவர்கள் அவர்கள். நாம் பாட்டியைப் போல் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டோம்.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று வத்திக்கான் சங்கம் அழைத்தது. நம்மிடையேயும் அத்தகைய குடும்பங்கள் இல்லாமல் இல்லை. குருவானவர் மாதம் ஒருமுறை வந்துபோன கிராமங்களில், மற்ற நாட்களெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டில் முன்நின்று, விசுவாசத்தைக் காத்தது உபதேசியாரும் அவர் வீட்டுப் பெண்களும்தாமே? அவர்கள் பெயர்களையும் கல்வெட்டில் பொறிக்க நாம் மறந்துவிட்டோம்.

இன்று காலம் திரும்பியிருக்கிறது. நம் பங்குப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். ஊதியத்துக்காகத்தான் போகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்நிய மண்ணில் அண்டை வீட்டுக்காரன் நம் வேதத்தைப் படிக்கப் போவதில்லை, நம் வீட்டைத்தான் படிக்கப் போகிறான். கரிசல் காட்டு மக்கள் ஒருகாலத்தில் ஓர் அமெரிக்க வீட்டைப் படித்தது போல.

அமெரிக்கப் போதகர்கள் கட்டிய சபை 1908-இல் ஐக்கிய சபையோடு சேர்ந்து, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. அந்தச் சகோதரர்களை நமது விழாவுக்கு நேரில் சென்று அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாத் திருப்பலிக்குப் பின் கோவில் வளாகத்தில் அசனம் நடைபெறும். தெருவாரியாகவோ, குடும்பவாரியாகவோ பந்தி பிரிக்க வேண்டாம் என்று விழாக்குழுவினரிடம் கூறியுள்ளோம். ஒரு சிலருக்கு இதில் மனத்தாங்கல் என்பதும் நம் காதுக்கு வந்தது. 1847-இல் எழுந்த கேள்விதான் இது. நம் வாசலுக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. வருகிறவர் வருகிற வரிசையில் உட்காரட்டும். நாமும் அவ்வாறே, இடம் கிடைத்த இடத்தில், உங்கள் நடுவே இலை போட்டு உட்காருவோம்.

எல்லா மக்களையும் தம் திருப்பந்திக்கு அழைக்கும் இறைவன், நம் வீடுகளையும் நம் அண்டை வீட்டாரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!