பளபளப்பு வேறு, பலம் வேறு

புனேயில் மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் இரண்டு வைத்தியர்களைத் தேடுவார்கள். முதுகுக்கு ஒருவர், கார் சக்கரத்துக்கு ஒருவர். போன வருஷம் எனக்கு இரண்டாமவர் தேவைப்பட்டார்.

என்னுடையது பழைய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். செகண்ட் ஹாண்ட் கூட இல்லை, மூன்றாவது கை. (விஆர்எஸ் என்றதும் 2000-2001இல் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த சித்தப்பா ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது வேறு விஆர்எஸ் :-) ) தண்ணீர் நிரம்பிய ஒரு பள்ளத்தில் இடது முன் சக்கரம் 'டமார்' என்று இறங்கியது. ரிம் வளைந்து, மெதுவாகக் காற்று இறங்க ஆரம்பித்தது. ஒரு கடையில் கொடுத்தேன். மாலையில் கையில் வாங்கியபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. வளைவும் இல்லை, கீறலும் இல்லை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

அதை பேலன்ஸ் செய்ய வேறொரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் சக்கரத்தை மெஷினில் மாட்டி ஒரு சுற்று சுற்றினார். உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை நெருப்புல காட்டினாங்களா, சாப்?"

"ஆமாம், கேஸ் டார்ச்சில் சூடு பண்ணித் தட்டினார்கள்."

மெஷினை நிறுத்திவிட்டார். "எக்ஸ்பிரஸ்வே பக்கம் எடுத்துட்டுப் போகாதீங்க." அதற்கு மேல் விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. விளக்கம் தேடிப் போன நான் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியதாயிற்று.

1924, ஆகஸ்ட் 3. பிரான்சில் லியோன் நகரில் ஃபிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம். எட்டோரே புகாட்டி தன் புது டைப் 35 கார்களோடு வந்து இறங்கினார். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் சைக்கிள் மாதிரி கம்பி வைத்த சக்கரங்கள்தான் வழக்கம். கம்பிகள் தளரும், முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புகாட்டி கொண்டுவந்ததோ எட்டுத் தட்டையான கைகள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரம். பிரேக் டிரம்மும் அதனோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ கண்ணெதிரே தெரியும். பிரேக்கின் சூட்டை அலுமினியம் வேகமாக வாங்கி வெளியே விட்டுவிடும்.

அன்றைக்கு டைப் 35 தோற்றது. காரணம் சக்கரம் இல்லை, டயர். சரியாகப் பதப்படுத்தாத டயர்களின் மேல்தோல் உரிந்து பறந்தது. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து கதை மாறியது. சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து முறை புகாட்டி வென்றது. பந்தய உலகம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு சின்ன பௌதிகம். காரின் எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. சக்கரம், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே. கீழே இருக்கும் எடை குறையக் குறைய, மேடு பள்ளத்தில் துள்ளிய சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்பும். டயர் தரையில் இருந்தால்தான் பிரேக், ஸ்டீரிங், வேகம் எல்லாம். ஆக, அலாய் வீல் பிறந்தது பிடிப்புக்காகவும் சூட்டைத் தணிக்கவும். அழகு அதில் தானாக வந்து சேர்ந்தது.

எடை குறைக்கும் ஆசை மனிதனை மெக்னீசியம் வரை கொண்டு போனது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், அலுமினியம் 2.7, மெக்னீசியம் 1.7 தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் டெட் ஹாலிபிராண்ட் மெக்னீசியச் சக்கரங்கள் செய்தார். 1950களில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் அவை சர்வ சாதாரணம். 1960களில் இங்கிலாந்தின் மினி ராலி கார்களில் மினிலைட் என்ற மெக்னீசியச் சக்கரம் புகழ் பெற்றது. அமெரிக்காவில் எந்த அலாய் வீலையும் 'மேக் வீல்' என்று அழைக்கும் பழக்கம் இந்த மெக்னீசியத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் மெக்னீசியத்துக்கு ஈரமும் உப்பும் ஆகாது. பெயின்ட் போன இடத்தில் அரிக்கும், விரிசல் விடும். ரேஸ் குழுக்களுக்கு இது பிரச்சினை இல்லை. அடிக்கடி சோதிப்பார்கள், சந்தேகம் வந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆபீஸ் போகிறவனுக்குக் கட்டுமா?

சாலைக்கு ஏற்ற பதிலை ஜெர்மனி தந்தது. 1966இல் வந்த போர்ஷே 911 எஸ் காருக்காக, மைனர்ட்ஸ்ஹாகன் ஊரில் உள்ள ஓட்டோ ஃபூக்ஸ் நிறுவனம் ஐந்து இதழ் கொண்ட அலுமினியச் சக்கரம் செய்தது. வார்த்தது அல்ல, அழுத்தி அடித்து உருவாக்கியது. அடிக்க அடிக்க உலோகத்தின் உள்ளமைப்பு நெருக்கமாகிறது, மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும். பந்தயத்துக்கு வெளியே, தினசரி ஓட்டும் காரிலும் லேசான சக்கரத்தை நம்பலாம் என்று காட்டியது இதுதான்.

அப்படி அடித்துச் செய்வதற்குச் செலவு அதிகம். அதனால் இன்று நம் கார்களில் வருவது பெரும்பாலும் வார்ப்புச் சக்கரம். ஏ356 என்ற கலவை பிரசித்தம். அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிகான், 0.3 சதவீதம் மெக்னீசியம். வார்த்து முடித்ததும் அது இன்னும் பலசாலி இல்லை. சுமார் 540 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 150-170 டிகிரியில் மறுபடி சில மணி நேரம் நிதானமாக வைப்பார்கள். அப்போதுதான் மெக்னீசியமும் சிலிகானும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளே பரவி, உலோகத்தை இறுக்கும். டி6 பதம் என்று பெயர். மைசூர்பாகு மாதிரிதான், பொருள் எல்லாம் ஒன்றே, பதம் தவறினால் எல்லாம் போச்சு.

பெரியவர் சொல்லாமல் விட்ட விளக்கம் இங்கேதான் இருக்கிறது. கேஸ் டார்ச் அந்தப் பதத்தை ஓரிடத்தில் மட்டும் குலைத்துவிடும். எவ்வளவு சூடானது என்று கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் உருகி விழுகிற நிமிஷம் வரை முகம் மாறாது.

சரி, அப்படியானால் நம் ஆட்கள் ஏன் டார்ச்சை எடுக்கிறார்கள்? அவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. நம் கார் வரலாறு அவர்கள் கைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. 1957இல் அம்பாசடர், 1964இல் பிறகு பத்மினி ஆன ஃபியட். சென்னை பாடியில் 1960இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் செய்த இரும்புச் சக்கரங்கள். இரும்பு ரிம் பள்ளத்தில் விழுந்தால் உடையாது, வளையும். சூடு காட்டி நாலு தட்டு தட்டினால் நேராகும். உள்ளே ட்யூப் இருப்பதால் ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் காற்று நிற்கும். தட்டி நிமிர்த்துவதற்கு 'டிங்கரிங்' என்று ஒரு தொழிலே வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அதுதான் சரியான வைத்தியமாகவும் இருந்தது.

வேகத்துக்கு நம்மிடம் இடம் இருந்ததும் குறைவு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயச் சாலை 1990இல்தான் வந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் சக்தி 40 குதிரைத்திறனுக்கும் குறைவு.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தன. 1998இல் திருவள்ளூரிலிருந்து மிட்சுபிஷி லான்சர். 1999இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். 2000இல் 106 குதிரைத்திறனோடு ஹோண்டா சிட்டி விடெக். 2001இல் 100 குதிரைத்திறனோடு ஃபியட் பாலியோ 1.6. 2002இல் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே முழுமையாகத் திறந்தது. 2004இல் ஆக்டேவியா விஆர்எஸ்: 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 4 சிலிண்டருக்கு 20 வால்வு, 150 குதிரைத்திறன். ஐந்தாறு வருஷத்தில் காரும் மாறியது, சாலையும் மாறியது. பட்டறை மட்டும் மாறவில்லை. அலாய் வீல் நமக்கு அறிமுகமானது நகையாக. விலை கூடிய மாடலின் அடையாளம், கல்யாண மாப்பிள்ளை கைக்கடிகாரம் மாதிரி. நகை என்றால் மெருகு போட்டால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுவேன். நல்ல சிந்தெடிக் ஆயில் தவிர வேறு ஊற்ற மாட்டேன். வேகமாக ஓட்டி வந்தால் டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைப்பேன். எஞ்சினுக்கு இவ்வளவு உபசாரம் செய்துவிட்டு, நாலு சக்கரத்தை முகம் தெரியாத டார்ச்சிடம் ஒப்படைத்தேன்.

முறையாகச் செய்வது எப்படி? டயரைக் கழற்ற வேண்டும். பழைய பெயின்டை ரசாயனத்தில் நீக்க வேண்டும். வண்ணத் திரவம் பூசி விரிசல் தேட வேண்டும். டயல் கேஜ் வைத்து ரிம் எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளக்க வேண்டும். லேசான விளிம்பு வளைவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக நிமிர்த்தலாம். கைகளிலோ நடுப்பகுதியிலோ விரிசல் என்றால் வெல்டிங் பேச்சே கூடாது, சக்கரம் கழிவுதான். பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. வைரவெட்டு என்று கடைசல் இயந்திரத்தில் சீவி மின்ன வைக்கும் சக்கரங்கள் இருக்கின்றனவே, ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் போகிறது. இரண்டு மூன்று முறைக்கு மேல் சீவக் கூடாது. மேல் லேக்கரில் சின்ன கீறல் விழுந்தாலும் மழை ஈரம் அடியில் நுழைந்து வெள்ளைப் புழு மாதிரி அரித்துக்கொண்டே போகும்.

பெரிய சக்கரம் மாட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. 205/55 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 113 மில்லிமீட்டர். 225/40 என்றால் 90 தான். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கைக் காசு கொடுத்து நாமே உருவிக்கொள்கிறோம்.

என் சக்கரம் என்ன ஆனது என்கிறீர்களா? விரிசல் சோதனைக்குக் கொடுத்தேன். ஒரு கையின் அடியில், புது பெயின்டுக்குக் கீழே, மயிரிழை போல் சிவப்புக் கோடு தெரிந்தது. அலைந்து திரிந்து வேறொரு காரின் அசல் சக்கரத்தை வாங்கி, அதையும் சோதித்துவிட்டே மாட்டினேன்.

பழையதைப் பங்கார்வாலாவிடம் (நம்மூர்க் காயலான் கடைக்காரர்) கொண்டு போனேன். பார்த்ததும் அவர் கண் விரிந்தது. "முழுசா இருக்கே சாப், எடைக்கு வேண்டாம், சக்கரமாவே வாங்கிக்கறேன். நல்ல விலை போகும்."

போகும்தான். முகம் பார்க்கலாம் போல இருந்ததே. யாரோ ஒருவர் வாங்கிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ்வேயில் இறங்குவார்.

கட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். என் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டச் சொல்லி, எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன்.