ஆரணி ஏட்டில் பெயர் இல்லாதவர்கள்

ஆரணியைப் பற்றிய பழைய எழுத்தில் பட்டு இருக்கிறது, ஜாகீர் இருக்கிறது, 1751-ல் கிளைவ் வென்ற சண்டை இருக்கிறது. நான் தேடியது இந்தச் சுற்றுவட்டாரச் சேரிகளில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, எந்த நெருக்கடியிலும் பின்வாங்காமல் நின்ற குடும்பங்களை.

நூலின் முதல் நுனி எளிதில் கிடைத்தது. 1853-ல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் மூவரும் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் தொடக்க கால நிலையங்களில் ஆரணியும் ஒன்று. மிஷன் அறிக்கைகளில் வெள்ளைக்காரப் போதகர்கள் பெயரோடு வருகிறார்கள். கிராமத்துச் சபையாரோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள்.

ஆகவே சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. மதம் மாறியதால் ஒருவருடைய சொத்துரிமை போகாது என்றது 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம். கிறிஸ்தவராகிவிட்டார் என்பதற்காகக் கணவனோ மனைவியோ ஆறு மாதம் பிரிந்திருந்தால் வழக்குத் தொடுக்கலாம் என்றது 1866-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம். வீடு, நிலம், தாம்பத்தியம் என்று என்னென்ன பறிபோயின என்பதை இந்த இரண்டிலும் படிக்கலாம். ஆனால் பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்குப் பறிகொடுக்கச் சொத்து ஏது? அவர் இழக்கக்கூடியது நாளைய வேலையை. அதற்கு எந்தச் சட்டமும் காவல் நிற்கவில்லை.

பிறகு 1876–78 தாது வருஷப் பஞ்சம். அதையொட்டி மிஷனில் சேர்ந்தவர்கள் பெருகினார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சும் கூடவே வந்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகச் சபையில் நின்றவர்களை அந்த ஏச்சு எப்படி விளக்கும்? எனக்கு அது அநியாயமான பழியாகவே படுகிறது.

தேடிய பெயர்கள் கடைசியில் என் காலத்துக் காகிதத்தில், சாதிச் சான்றிதழில் இருந்தன. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதவர்களை விலக்கியது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை கதவு திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, கிறிஸ்தவர் என்பதால் அரசின் இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றம் போனார், 1985-ல் தோற்றார். தமிழ்நாட்டில், பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். மதத்தை மாற்றி எழுதிக்கொண்டால் பிள்ளைக்குக் கல்லூரி இடமும் வேலையும் எளிதாகலாம் என்று தெரிந்தும், 'கிறிஸ்தவர்' என்றே எழுதிக் கொடுக்கும் தாய் தகப்பன்மார் உண்டு. நான் தேடிய உறுதி அந்தச் சான்றிதழில் பெயரோடும் முகவரியோடும் இருக்கிறது. அவர்களிடம் இந்த விலையைக் கேட்பது நியாயமே அல்ல. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் இந்த விலக்கை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

ஆரணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞானஸ்நானச் சீட்டு, சபைச் சந்தா ரசீது, தாத்தாவின் சான்றிதழ் எதுவானாலும் பழைய காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், பெரியவர்களைக் கேட்டு, அதில் உள்ளவர்களின் பெயரையும் ஊரையும் பின்புறம் எழுதிவையுங்கள்.